கருத்தரிப்புச் சிகிச்சைப் படிவங்களில் ‘தம்பதி’: ஒரு மொழிபெயர்ப்புத் திறனாய்வு

1. முன்னுரை

மொழிபெயர்ப்பில் நேரும் பிழைகளை இருவகையாகப் பகுக்கலாம். மூலத்தில் உள்ளதை விட்டுவிடுதல் ஒன்று. மூலத்தில் இல்லாததைச் சேர்த்துவிடுதல் மற்றொன்று. முன்னதை மூலத்தோடு ஒப்பிடுவோர் எளிதில் கண்டுகொள்வர். பின்னது பெரும்பாலும் புலப்படுவதில்லை. சேர்க்கப்படும் பொருள், மொழிபெயர்ப்பாளரும் அவரைச் சூழ்ந்த சமூகமும் இயல்பெனக் கொண்டிருக்கும் பொருளாகவே இருப்பது இதற்குக் காரணம். கதையிலோ கட்டுரையிலோ இவ்வாறு நேர்ந்தால் சுவை குன்றும். மருத்துவமனையின் ஒப்புதல் படிவத்தில் நேர்ந்தால், உள்ளே வரச் சட்டம் தடுக்காத ஒருவரை மொழிபெயர்ப்பு தடுத்துவிடும்.

கருத்தரிப்புச் சிகிச்சைக்கு ஆயத்தமாகும் இரு பெண்கள் இத்தகைய படிவமொன்றைத் தமிழில் எதிர்கொள்ளும்போது எழும் சொற்சிக்கல்களை இக்கட்டுரை ஆராய்கிறது. சட்டம் எதைச் சொல்கிறது, படிவத்தின் தமிழ் எதைச் சொல்கிறது, தமிழ்மொழி எதைச் சொல்ல இடந்தருகிறது என்னும் மூன்றும் தனித்தனியே நோக்கப்படுகின்றன. இம்மூன்றும் ஒன்றல்ல என்பதே கட்டுரையின் கருதுகோள்.

2. களமும் தரவும்

2.1 ஆய்வுக்களம் மும்பை. இந்நகரில் தமிழ் ஒரே வடிவில் வழங்குவதில்லை. தாராவியில் தோல் பதனிடும் தொழிலையொட்டித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குடியேறியோரின் தென்பாண்டி வழக்கு உண்டு. மாட்டுங்காவில் எழுத்தர் பணிக்கும் ஆசிரியப் பணிக்கும் வந்தோரின் பிராமணத் தமிழ் உண்டு. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் தோன்றியது இம்மக்களிடையேதான். செம்பூரில் இவ்விரு வழக்குகளும் பிறவும் கலந்து வழங்குகின்றன. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் பயின்றோர் பலருக்குத் தமிழில் எழுதிய படிவம் இன்றும் தேவைப்படுகிறது.

2.2 இந்தியக் கருத்தரிப்பு மருத்துவ வரலாற்றில் மும்பைக்குத் தனியிடம் உண்டு. இங்கிலாந்தில் 1978 சூலையிலும் கல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் அதே ஆண்டு அக்டோபரிலும் உடலுக்கு வெளியே கருவாக்கப்பட்ட குழந்தைகள் பிறந்தன. மாட்டுங்காவுக்குத் தொலைவில்லாத பரேலின் கே.இ.எம். மருத்துவமனையில் மருத்துவர் இந்திரா ஹிந்துஜாவின் குழுவினரது முயற்சியால் 1986 ஆகஸ்டு 6ஆம் நாள் அத்தகைய குழந்தை பிறந்தது. அக்காலத் தமிழ் இதழ்கள் ‘சோதனைக் குழாய்க் குழந்தை’ என்று எழுதின. பின்னர்ச் ‘செயற்கைக் கருத்தரிப்பு’ என்றும், அதன்பின் ‘கருத்தரிப்புச் சிகிச்சை’ என்றும் பெயர் மாறியது. முதற்பெயர் கருவியையும், இரண்டாவது முறையையும், மூன்றாவது நோயையும் முன்னிறுத்துவது கருதத்தக்கது. நோய் உண்டெனில் நோயாளி யார் என்னும் வினா உடன் எழும். இவ்வினாவுக்குப் பின்னர் மீள்வோம்.

2.3 இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாக அமைந்தது மும்பையின் கருத்தரிப்பு மையம் ஒன்றில் வழங்கிய ஒப்புதல் படிவத்தின் தமிழாக்கமாகும். திருத்தித் தருமாறு கேட்டு அது இக்கட்டுரையாளரிடம் வந்தது. மையத்தின் பெயர் இங்குத் தேவையில்லை. படிவத்தின் சொற்கள் மட்டுமே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. முதல் வாசிப்பில் இக்கட்டுரையாளர் எழுத்துப்பிழைகளையும் சந்திப் பிழைகளையும் மட்டுமே குறித்தார் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏனையவை இரண்டாம் வாசிப்பிலேயே புலப்பட்டன.

2.4 சொற்களைச் சோதிக்க ஒரு சூழலை அமைத்துக்கொள்வோம். மாட்டுங்காவில் வளர்ந்த பெண் ஒருவர். தாராவியில் வளர்ந்த பெண் ஒருவர். இருவரும் செம்பூரில் ஒரு வீட்டில் பல ஆண்டுகளாக வாழ்கின்றனர். வாடகையையும் மளிகைச் செலவையும் பகிர்ந்துகொள்கின்றனர். குளிர்ப்பெட்டியில் தோசை மாவுப் பாத்திரத்தின் அருகே ஊசிமருந்துப் பெட்டி இருக்கிறது. சினைப்பையைத் தூண்டும் ஊசியை நாள்தோறும் குறித்த நேரத்தில் போட்டுக்கொள்ள வேண்டியிருப்பதால் ஒருவர் அலுவலகத்திலிருந்து முன்னதாகவே மின்தொடர்வண்டி ஏறுகிறார். மற்றவர் ஊசி போடக் கற்றுக்கொண்டிருக்கிறார். இவ்விருவரும் கட்டுரையாளர் படைத்துக்கொண்டவர்கள். இவர்கள் சந்திக்கும் சொற்கள் படைக்கப்பட்டவை அல்ல.

3. சட்டத்தின் சொற்கள்

3.1 இந்தியாவில் இத்துறையை நெறிப்படுத்தும் இரு சட்டங்கள் 2021இல் இயற்றப்பட்டு 2022 சனவரி 25 முதல் நடைமுறைக்கு வந்தன. இனப்பெருக்கத் துணைத் தொழில்நுட்ப (ஒழுங்குமுறை)ச் சட்டம் ஒன்று. பதிலித்தாய் முறை (ஒழுங்குமுறை)ச் சட்டம் மற்றொன்று. இரண்டிலும் ‘கப்பிள்’ என்னும் ஆங்கிலச் சொல் வரையறைக்குள் அடைக்கப்பட்டுள்ளது. முதற்சட்டத்தில் சேவையை நாடும் ‘கப்பிள்’ என்பது கருவுறாமையுடைய, மணமான இருவரைக் குறிக்கும். இரண்டாவதில் அச்சொல் சட்டப்படி மணந்த இந்திய ஆணையும் பெண்ணையும் வெளிப்படையாகவே குறிக்கிறது; ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

3.2 முதற்சட்டத்தில் மற்றொரு வரையறையும் உண்டு. 21 வயதைக் கடந்து சேவையை நாடி வரும் எந்தப் பெண்ணும் ‘பெண்’ ஆவார். இங்குத் திருமணம் பற்றிய பேச்சே இல்லை. மேல்வரம்பு மட்டும் வேறோரிடத்தில் 50 வயதுக்குட்பட்டு என அமைகிறது. பதிலித்தாய்ச் சட்டத்திலோ தனியொரு பெண் என்றால் 35 முதல் 45 வயதுக்குட்பட்ட, கணவரை இழந்த அல்லது மணவிலக்குப் பெற்ற பெண் மட்டுமே. ஒரே ஆண்டில் இயற்றப்பட்ட இரு சட்டங்கள் ‘பெண்’ என்பதற்கு வெவ்வேறு எல்லை வகுத்திருப்பதை மொழிபெயர்ப்பாளர் மனத்திற்கொள்ள வேண்டும்.

3.3 ஆக, நம் செம்பூர்ப் பெண்களுள் ஒருவர் முதற்சட்டத்தின்படி ‘பெண்’ என்னும் தகுதியில் மையத்திற்குள் நுழையலாம். இருவரும் சேர்ந்து ‘கப்பிள்’ ஆக இயலாது. 2018 செப்டம்பர் 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம் நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் தன்பால் உறவைக் குற்றமென்னும் நிலையிலிருந்து நீக்கியது. 2023 அக்டோபர் 17ஆம் நாள் சுப்ரியோ வழக்கில் ஐந்து நீதிபதிகளும் திருமணம் செய்துகொள்ளும் அடிப்படை உரிமை அரசமைப்பில் இல்லை என்று ஒருமித்துக் கூறினர். கூடிவாழும் இணைவுக்குச் சட்ட ஏற்பு, இணைந்து மகவேற்றல் ஆகியவற்றில் மூவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமும் நின்றனர். மறுசீராய்வு மனுக்கள் 2025 சனவரியில் தள்ளுபடியாயின.

3.4 இதற்கிடையே 2024இல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்புகளின்படி இத்தகைய இணையர் குடும்ப அட்டைக்காக ஒரே குடும்பத்தினராகக் கருதப்படலாம். கூட்டு வங்கிக் கணக்குத் தொடங்கவும் தடையில்லை. எனவே, நியாயவிலைக் கடையில் ‘குடும்பம்’ ஆகும் இருவர், கருத்தரிப்பு மையத்தில் ‘தம்பதி’ ஆவதில்லை. இவ்விரு சொற்களுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் மொழிபெயர்ப்பாளர் பணியாற்ற வேண்டியுள்ளது.

4. படிவத்தின் தமிழ்

4.1 தம்பதி. படிவத்தின் ஆங்கிலத் தலைப்பு ‘கப்பிள் அல்லது பெண்’ அளிக்கும் ஒப்புதல் என்று அமைந்திருந்தது. தமிழில் ‘தம்பதியரின் ஒப்புதல்’ என்று மட்டும் இருந்தது. சட்டம் திறந்து வைத்த இரண்டாம் வாயில், தலைப்பிலேயே மூடப்பட்டுவிட்டது. உள்ளே ஓரிடத்தில் ‘பெண்’ என வந்தபோது அது ‘திருமணமாகாத அல்லது கணவனை இழந்த பெண்’ என விரிக்கப்பட்டிருந்தது. மூலத்தில் இவ்விரிவு இல்லை. மொழிபெயர்ப்பாளர் பதிலித்தாய்ச் சட்டத்தின் வரையறையை மனத்திற்கொண்டு எழுதியிருக்கலாம். அல்லது கணவரின்றி ஒரு பெண் ஏன் வருவாள் என்னும் ஐயத்திற்குத் தாமே விடை கூறியிருக்கலாம். காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றே.

‘தம்பதி’ வடசொல். அதன் உறுப்புகள் ‘இல்லம்’, ‘தலைவன்’ என்னும் பொருளுடையவை. வேதமொழியில் ஒருமையில் இல்லத் தலைவனையும் இருமையில் கணவன் மனைவியையும் குறித்தது. தமிழில் மணமான இணையை மட்டுமே குறிப்பதாக அது நிலைபெற்றுவிட்டது. ஆகவே சட்டத்தின் ‘கப்பிள்’ என்பதற்குத் ‘தம்பதி’ பொருத்தமான பெயர்ப்பே. அச்சொல்லைப் படிவம் முழுவதும் பரப்பியதே குறை. ‘பார்ட்னர்’ என்னும் ஆங்கிலச் சொல் வந்த இடங்களில் ‘கணவர்’ என்று எழுதியதும் இதன்பாற்படும். அவசரநிலையில் யாரை அழைக்க வேண்டும் என்னும் வரிக்கு எதிரே ‘கணவர் / தந்தை பெயர்’ என்று அச்சிட்டிருந்தது. சினைமுட்டை எடுக்கும் நாளில் மயக்கமருந்து தரப்படும். அன்று வெளியே காத்திருப்பவர் தம் பெயரை எழுத அப்படிவத்தில் இடமில்லை. ஆங்கில மூலத்தில் அந்த வரி ‘தொடர்புகொள்ள வேண்டியவர்’ என்றே இருந்தது.

4.2 மலட்டுத்தன்மை. பாதுகாப்பற்ற உடலுறவில் ஓராண்டு ஈடுபட்டும் கருவுறாமையை, அல்லது கருவுறுதலைத் தடுக்கும் மருத்துவ நிலை உறுதிப்பட்டிருப்பதைச் சட்டம் கருவுறாமை என்கிறது. படிவம் இதனை ‘மலட்டுத்தன்மை’ என்கிறது. ‘மலடி’ என்னும் பெண்பாற் சொல் நாவில் எளிதாக வருமளவுக்கு ‘மலடன்’ வருவதில்லை. குழந்தையில்லாதவர் மீது ஊரார் சொல் எவ்வாறு பாய்கிறது என்பதற்குப் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) புதினம் முழுவதுமே சான்றாகும்.

நம் இரு பெண்களுக்கும் இச்சொல் வேறொரு வகையிலும் பொருந்தாது. அவர்களுள் எவர் உடலிலும் குறையிருக்க வேண்டியதில்லை. ‘குழந்தையின்மை’ என்னும் சொல் நிலையை மட்டும் கூறும், காரணத்தைக் கூறாது. ‘கருவுறாமை’ மருத்துவ நிலையைக் கூறும், பழி கூறாது. வரையறையைப் பெயர்க்குமிடத்துக் ‘கருவுறாமை’யும், பொதுவிடங்களில் ‘குழந்தையின்மை’யும் வழங்கத்தக்கவை. ‘மலட்டுத்தன்மை’யை விலக்கலாம்.

4.3 தானமும் கொடையும். விந்தணுவும் சினைமுட்டையும் அளிப்போரைப் படிவம் ‘தானம் செய்பவர்’ என்கிறது. தமிழ் வழக்கில் தானம் என்பது பொருளின்மீது தமக்குள்ள உரிமையை முற்றாக விட்டுவிடுதல். நீர்வார்த்துத் தரும் சடங்கும் ‘தாரை வார்த்தல்’ என்னும் மரபுத்தொடரும் இதனைக் காட்டும். சட்டத்தின் 31ஆம் பிரிவும் அளிப்பவர் குழந்தையின்மீது எவ்வகைப் பெற்றோர் உரிமையும் இல்லாமல் விலகுவதாகவே கூறுகிறது. சொல்லும் சட்டமும் இங்குப் பொருந்துகின்றன.

பொருத்தம் மிகுதியாக இருப்பதாலேயே ஒரு சிக்கல் எழுகிறது. ஒருவரின் சினைமுட்டையில் உருவான கருவை மற்றவர் சுமக்கும் முறை சில நாடுகளில் பெண் இணையரிடையே வழக்கிலுள்ளது. நம் மாட்டுங்காப் பெண் தம் சினைமுட்டையைத் தந்து, தாராவிப் பெண் சுமக்க விரும்புகிறார் எனக் கொண்டால், இந்தியச் சட்டத்தில் முன்னவருக்குக் கிடைக்கக்கூடிய பெயர் ‘அளிப்பவர்’ என்பதேயாம். அவ்வாறு அளிப்போர் வங்கிவழியே, 23 முதல் 35 வயதுக்குள், வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே அளிக்கலாம். தம் வீட்டில் வளரப்போகும் குழந்தையைத் ‘தானம்’ செய்தவராக அவர் ஆகிவிடுகிறார். அவரது எண்ணத்திற்கு ஏற்ற சொல் ‘பகிர்வு’. ஆயினும் படிவத்தில் ‘பகிர்வு’ என எழுதுவது தவறாகும். சட்டம் தராத உரிமையைச் சொல் தந்ததுபோல் தோன்றும். மொழிபெயர்ப்பாளர் இங்குக் கடுமையான சொல்லையே கையாள வேண்டும். கையெழுத்திடுபவர் எதை இழக்கிறார் என்பதை அறிந்தே கையெழுத்திட வேண்டும்.

4.4 வாடகைத் தாய். 2021ஆம் ஆண்டுச் சட்டம் வணிகநோக்கிலான பதிலித்தாய் முறையைத் தடைசெய்தது. மருத்துவச் செலவும் காப்பீடும் தவிர ஊதியம் தருவதற்கில்லை. ஆயினும் ‘வாடகைத் தாய்’ என்னும் சொல் இதழ்களில் தொடர்கிறது. 2022 அக்டோபரில் திரைத்துறைத் தம்பதியர் ஒருவரின் இரட்டைக் குழந்தைகளைப் பற்றித் தமிழகத்தில் எழுந்த விவாதத்தின்போதும் அச்சொல்லே வழங்கிற்று. இச்சொல் பழைய நிலைக்குப் பொருந்தியிருந்தது என்பதும் உண்மை. 2008இல் இஸ்ரேலைச் சேர்ந்த ஆண் இணையர் ஒருவர் மும்பையில் பதிலித்தாய் வழியே குழந்தை பெற்றனர். 2012இல் உள்துறை அமைச்சகம், இரண்டாண்டுகளேனும் மணவாழ்வு வாழ்ந்த ஆணும் பெண்ணுமாகிய வெளிநாட்டவருக்கே இதற்கான விசா வழங்கப்படும் என வரையறுத்தது. வாடகையும் போயிற்று, அவ்விணையருக்கு இருந்த வழியும் போயிற்று, சொல் மட்டும் நிற்கிறது. ‘பதிலித்தாய்’ என்பதே இன்று பொருந்தும் பெயர்.

5. அன்றாட வழக்கு

5.1 படிவத்திற்கு வெளியேயும் இவ்விருவரைச் சொற்கள் சூழ்ந்துள்ளன. ‘விசேஷம் உண்டா?’ என்பது தமிழரிடையே பெண்ணைப் பார்த்துக் கேட்கப்படும் வினா. ‘உண்டாகியிருக்கிறாள்’, ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்பன அதற்குரிய விடைகளுள் சில. ‘வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லையா?’ என்பது அவ்வினாவின் கொடிய வடிவம். இவ்வினாக்களெல்லாம் கேட்கப்படுபவர் மணமானவர் என்பதை முற்கோளாகக் கொண்டவை. ஆகவே நம் இருவரிடம் எவரும் இவற்றைக் கேட்பதில்லை, ‘கல்யாணம் எப்போது?’ என்றே கேட்கின்றனர். பல ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த பின்னரும் இவ்வினா ஓய்வதில்லை. ‘விசேஷம் உண்டா?’ என்னும் வினா பல பெண்களைப் புண்படுத்துகிறது. அவ்வினாவைக் கேட்கத்தக்கவராகவே கருதப்படாமை வேறொரு வகைப் புண்.

5.2 விளிமுறையும் நோக்கத்தக்கது. தமிழில் கணவன் மனைவியர் உறவு விளியின் ஏற்றத்தாழ்வாலேயே பெரிதும் அடையாளம் காணப்பட்டு வந்துள்ளது. அவள் ‘என்னங்க’ என்றும் பிராமண வழக்கில் ‘ஏன்னா’ என்றும் அழைப்பாள், பெயர் சொல்லமாட்டாள். அவன் பெயர் சொல்லியோ ‘ஏடி’ என்றோ அழைப்பான். பிரௌனும் கில்மனும் 1960இல் எடுத்துக்காட்டிய அதிகாரம், நெருக்கம் என்னும் இரு அச்சுகளுள் முன்னதே இங்கு மேலோங்கியது. இளந்தலைமுறையில் இது தளர்ந்து வருகிறது. எனினும் கேட்போர் காது இன்னும் பழைய முறைக்குப் பழகியதே. மாட்டுங்காப் பெண் ‘வாடி’ என்கிறார். தாராவிப் பெண் ‘ஏட்டி’ என்கிறார். இரண்டும் ஒத்த நிலையின. கேட்கும் பக்கத்து வீட்டார் இவர்களைத் தோழியர் என்றோ அக்காள் தங்கை என்றோ எண்ணுகின்றனர். ஒப்புமையான விளி இவர்களை மறைத்துக் காக்கிறது. அதுவே இவர்கள் யாரென்பதையும் மறைத்துவிடுகிறது.

5.3 வழக்கிலுள்ள வாய்பாட்டில் ஓரிடத்தை மட்டும் மாற்றுவது என்ன செய்யும் என்பதற்கு மும்பைத் தமிழர் வாழ்விலிருந்தே சான்று உண்டு. 2015 மே மாதத்தில் ‘மிட்-டே’ நாளிதழில் பத்மா ஐயர் என்னும் அன்னை தம் மகனும் செயற்பாட்டாளருமான ஹரீஷ் ஐயருக்கு மணமகன் தேடி விளம்பரம் வெளியிட்டார். மணமகன் தேவை விளம்பரத்தின் உறுப்புகளான வயது, உயரம், உணவுப்பழக்கம் முதலிய அனைத்தும் அதில் இருந்தன. சாதி தடையில்லை என்ற குறிப்பும், ஐயராயின் விரும்பப்படும் என்ற சேர்ப்பும்கூட இருந்தன. ‘மகள்’ நிற்கும் இடத்தில் ‘மகன்’ நின்றதொன்றே வேறுபாடு. மரபின் சட்டகத்தை அப்படியே ஏற்று ஓரிடத்தை மட்டும் மாற்றியதால்தான் அவ்விளம்பரம் எல்லார்க்கும் உடனே விளங்கிற்று. அதே காரணத்தால், மாறாமல் நின்ற சாதி உறுப்பும் கண்ணில் பட்டது.

6. உறவுமுறைச் சொற்கள்

6.1 பிறக்கப்போகும் குழந்தை இருவரையும் எவ்வாறு அழைக்கும்? ஊசிக்கும் பரிசோதனைக்கும் இடையே இவ்விருவர் பேசித் தீர்க்க வேண்டியவற்றுள் இதுவும் ஒன்று. ஐரோப்பிய மொழிகளில் இது பெரிதும் இரு சொற்களைத் தெரிந்தெடுக்கும் சிக்கலாகும். தமிழில் ஒரு சொல்லைத் தெரிந்தெடுத்தால் ஓர் உறவு வலையே தெரிந்தெடுக்கப்படும்.

6.2 திராவிட உறவுமுறையில் தாயின் உடன்பிறந்தாளும் தாய். பெரியம்மா, சின்னம்மா என்பன இதனை உருபளவிலேயே காட்டுகின்றன. தந்தையின் உடன்பிறந்தாள் அத்தை. முன்னவரின் மக்கள் உடன்பிறந்தார். பின்னவரின் மக்கள் மணமுறையினர். லூயி துய்மோனும் பின்னர்த் ‘திராவிட உறவுமுறை’ (1981) என்னும் நூலில் தாமஸ் டிரவுட்மனும் இவ்வேறுபாட்டையே இம்முறையின் அடிப்படையாக விளக்கினர். எனவே குழந்தையைச் சுமந்தவர் ‘அம்மா’ எனின், மற்றவர் ‘பெரியம்மா’ அல்லது ‘சித்தி’ ஆவதற்குத் தமிழில் இடமுண்டு. அப்போது அவருடைய உடன்பிறந்தான் குழந்தைக்கு ‘மாமா’ ஆவார். அவர் பெற்றோர் தாத்தா பாட்டி ஆவர். அவரை ‘அத்தை’ என்றால் அவர் தாய்வழியிலிருந்து விலகி மணமுறைப் பக்கம் சென்றுவிடுவார். ‘ஆன்ட்டி’ என்றால் எந்த வலையும் உருவாகாது. அவருடைய பெற்றோரும் உடன்பிறந்தாரும் குழந்தைக்கு யாருமல்லர்.

6.3 ஒன்றுக்கு மேற்பட்ட தாயரைச் சுட்டும் ஆற்றல் தமிழில் உள்ளமை உண்மை. ஆனால் அவ்வாற்றலை மிகைப்படுத்தலாகாது. ‘சித்தி’ என்பது தந்தையின் இரண்டாம் மனைவியையும் குறிக்கும். அச்சொல்லின் நிழல் நல்லதன்று. மேலும், பெரியம்மா என்பவர் பெற்ற தாய்க்கு அடுத்த நிலையினரே. மும்பைச் சூழலில் வேறொரு சான்றும் உண்டு. மராத்தியில் தாயின் உடன்பிறந்தாளைக் குறிக்கும் ‘மாவ்ஷி’ என்னும் சொல்லே மருத்துவமனைப் பணிப்பெண்ணை அழைக்கவும் வழங்குகிறது. இரண்டாம் தாயின் பெயர் எவ்வளவு எளிதாகப் பணிமகளின் பெயராகக்கூடும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. இருவரையுமே ‘அம்மா’ என்றழைத்துப் பெயரால் வேறுபடுத்துவதைச் சிலர் விரும்பலாம். தெரிவு அவர்களுடையது, ஒவ்வொரு தெரிவும் எதைத் தருகிறது, எதை மறுக்கிறது என்பதை எடுத்துரைப்பதே மொழியியலாளர் கடன்.

7. இலக்கணம் தரும் இடம்

7.1 உயர்திணையில் ஆண்பால், பெண்பால், பலர்பால் என மூன்று பால்களைத் தொல்காப்பியம் வகுக்கிறது. பலர்பாலில் ஆண் பெண் வேறுபாடு இல்லை. ‘இருவர்’, ‘இணையர்’, ‘பெற்றோர்’ ஆகிய சொற்கள் எவரெவர் என்று கூறாமலே மாந்தரைச் சுட்டும். ‘ஒருவர்’, ‘அவர்’, ‘துணைவர்’ என்பன உயர்வொருமையில் அதே பணியைச் செய்கின்றன. ‘வாழ்க்கைத் துணை’ என்பதில் ‘துணை’க்குப் பால் காட்டும் ஈறே இல்லை, திருக்குறள் அதிகாரத் தலைப்பில் அது மனைவியைக் குறித்தாலும், இன்றைய வழக்கில் கணவரையும் குறிக்கிறது.

7.2 இவற்றுள் ‘பெற்றோர்’ தனியே நோக்கத்தக்கது. ‘பெறு’ என்னும் வினைக்கு மகவு ஈனுதல் என்னும் பொருளும் அடைதல் என்னும் பொருளும் உண்டு. ‘ஈன்றோர்’ என்பதில் இவ்விரிவு இல்லை. நம் இருவருள் ஒருவரே ஈன்றவர். ஆனால் குழந்தையை அடைந்தவர் இருவரும். இச்சொல்லின் பொருட்பரப்பு அவ்விருவரையும் தன்னுள் கொள்கிறது. பிறப்புப் பதிவிலோ ‘தாய்’, ‘தந்தை’ என்று இரு கட்டங்கள். மணமாகாத தாய் தந்தையின் பெயரை வெளியிடாமலே காப்பாளராகலாம் என்று 2015 சூலையில் உச்ச நீதிமன்றம் கூறியதால் இரண்டாம் கட்டம் வெறுமையாக இருக்கலாம். அக்கட்டத்தில் மற்றொரு பெண்ணின் பெயர் இடம்பெறுவதற்கு வழியில்லை.

7.3 தன்பால் உறவைக் குறிக்கும் பெயர்களிலும் இதே கவனம் தேவை. ‘ஓரினச்சேர்க்கை’ என்னும் சொல் உறவை ஒரு செயலாகச் சுருக்குகிறது. ‘தன்பாலீர்ப்பு’ நாட்டத்தைக் கூறுகிறது. மருத்துவமனையில் காத்திருக்கும் இருவரைக் குறிக்க இவ்விரண்டுமே தேவையில்லை, ‘இணையர்’ போதும். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021 சூன் 7ஆம் நாள் சுஷ்மா வழக்கில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய ஆணையைத் தொடர்ந்து, மதிப்புக்குரிய கலைச்சொற்களின் பட்டியல் தமிழக அரசிதழில் 2022இல் வெளியிடப்பட்டது. கலைச்சொல்லாக்கம் நீதிமன்றத்தின் தூண்டுதலால் நிகழ்ந்தமை மொழித்திட்டமிடல் வரலாற்றில் குறிக்கத்தக்க நிகழ்ச்சி. 2025 மே மாதத்தில் அதே நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் ஆகியோர் ‘குயர்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி தரும் ‘விநோதமான’ என்னும் பொருளைச் சுட்டி, அதனை வழங்கத் தயக்கம் தெரிவித்தனர். திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியன்று என்றும் அத்தீர்ப்பில் கூறினர். அதே ஆண்டு ஆகஸ்டில், வருமான வரிச் சட்டத்தில் ‘ஸ்பௌஸ்’ என்னும் சொல்லின் எல்லையை வினவிய இணையர் ஒருவரின் மனு மும்பை உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. ஒரு சொல்லின் பொருள் என்ன என்னும் வினா, அகராதியாளர் மேசையிலிருந்து நீதிமன்றத்திற்குச் சென்றுள்ளது.

8. ஒரு மறுப்பும் விடையும்

பால் காட்டாத சொற்களைப் படிவமெங்கும் கையாண்டால் சட்டம் தராத ஏற்பைத் தந்ததுபோல் ஆகாதா என்று வினவலாம். இம்மறுப்பு வலிமையுடையது. சட்டம் ‘மணமான இருவர்’ என்று வரையறுத்த இடத்தில் ‘இணையர்’ என்று பெயர்த்தால், நம் செம்பூர்ப் பெண்கள் தாம் இருவருமே பெற்றோராக ஏற்கப்படுவதாக நம்பிக் கையெழுத்திடக்கூடும். பிறக்கும் குழந்தை சேவையை நாடிய ‘கப்பி’ளின் குழந்தையாகக் கருதப்படும் என்றே 31ஆம் பிரிவு கூறுகிறது. பிற்காலத்தில் பிரிவோ இறப்போ நேரும்போதுதான் மென்மையான மொழிபெயர்ப்பின் விலை தெரியவரும்.

ஆகவே இரு விதிகள் தேவைப்படுகின்றன. சட்டம் விலக்கும் இடத்தில் விலக்கைத் தெளிவாகப் பெயர்க்க வேண்டும். சட்டம் விலக்காத இடத்தில் மொழிபெயர்ப்பாளர் தாமாக விலக்கலாகாது. ஆய்வுக்கு வந்த படிவம் இவ்விரண்டாம் விதியையே மீறியது. அவசரத் தொடர்பு, உடன் வருபவர், சிகிச்சை முறைகளைக் கேட்டறிபவர், ஊசி போடக் கற்பவர் ஆகிய எவருக்கும் ஆண்பால் தேவையென்று சட்டம் சொல்லவில்லை.

9. முடிவுரை

மேற்கூறிய ஆய்வினால் பெறப்படுவன வருமாறு:

அ. வரையறைப் பகுதியில் ‘கப்பிள்’ என்பதைத் ‘தம்பதி’ என்றும், அதன் எல்லையை உடனே விளக்கியும் எழுதுதல் வேண்டும். ‘பெண்’ என்பதை எவ்வித அடைமொழியுமின்றிப் ‘பெண்’ என்றே எழுதுதல் வேண்டும்.

ஆ. வரையறை சாராத இடங்களில் ‘கணவர்’ என்பதை விலக்கி ‘உடன் வருபவர்’, ‘தொடர்புகொள்ள வேண்டியவர்’, ‘துணைவர்’ என்பவற்றை இடத்திற்கேற்ப வழங்கலாம்.

இ. ‘மலட்டுத்தன்மை’, ‘வாடகைத் தாய்’ என்பவற்றிற்கு ஈடாகக் ‘கருவுறாமை’, ‘பதிலித்தாய்’ என்பன கொள்ளத்தக்கன.

ஈ. உரிமை துறக்கப்படும் இடத்தில் ‘பகிர்வு’ போன்ற இனிய சொற்களைத் தவிர்த்து, துறப்பைத் துறப்பென்றே கூறல் வேண்டும்.

இப்பரிந்துரைகளுடன் படிவம் மையத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டது. எழுத்துப்பிழைகள் திருத்தப்பட்டன, அவசரத் தொடர்பு வரியும் மாற்றப்பட்டது, தலைப்பு மட்டும் பழையபடியே அச்சாயிற்று. தமிழில் இடமில்லை என்பது இதற்குக் காரணமன்று. பலர்பாலையும் உயர்வொருமையையும் பல தாயரையும் உடைய மொழியில் இரு பெண்களுக்கு இடம் தேட வேண்டியதில்லை. சட்டம் தராததைத் தமிழால் தர இயலாது. சட்டம் தந்ததைத் தமிழாக்கம் பறிக்காதிருக்க இயலும். கருத்தரிப்பு மையத்தின் மேசையில் படிவத்தை வாங்கிக்கொண்டு தம் பெயரை எங்கு எழுதுவது எனத் தேடும் பெண்ணுக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.